வண்டி கிளம்பும் முன்

எங்களுக்குக் கல்யாணமாகி வந்த தலை ஆடி, 2008. முறைப்படி அம்மா வீட்டிலிருந்து வந்து என்னை அழைத்துப் போனார்கள். அம்மா வீடு சேலத்தில் குகை என்ற பகுதியில். நாங்கள் குடியிருந்தது செவ்வாய்ப்பேட்டையில். சைக்கிளில் போனால் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சீர்த்தட்டு, புதுத்துணி, மாப்பிள்ளைக்கு மோதிரம் என்று ஒன்றையும் விடாமல் செய்தார் அப்பா.

என் வீட்டுக்காரருக்குக் கும்பகோணம் பக்கம். கொலுசுப் பட்டறை வேலைக்காகச் சேலம் வந்தவர். ஆடி முதல் தேதி எங்கள் ஊரில் தேங்காய் சுடுவோம் என்று சொன்னபோது, தேங்காயை எதற்குச் சுட வேண்டும் என்று குழந்தை மாதிரி கேட்டார். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து முழு வேலையையும் அவரே செய்தார். நாரைச் சுத்தமாக உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, தூளாக்கிய வெல்லம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்றி, கூராக்கிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் செருக வேண்டும். மேலே மஞ்சள் பூசி நெருப்பில் காட்டினால், ஓடு கருகிப் பட்டென்று வெடிக்கும். அதுதான் பதம். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதன் நினைவாகத்தான் இது என்று பாட்டி சொன்ன கதையையும் கேட்டுக்கொண்டார். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு ஓட்டை உடைத்தபோது எழுந்த வாசனையில், "இதுக்காகவே உங்க ஊர்ல பொண்ணு எடுக்கலாம்" என்றார். அம்மாவுக்கு அன்றே மருமகனைப் பிடித்துப்போயிற்று.

அதனால்தான் வண்டி வேடிக்கை அன்று நடந்தது எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் சேலத்தில் மாரியம்மன் மாதம். கோட்டை மாரியம்மனைத் தலைமையாகக் கொண்டு எட்டுப்பேட்டை மாரியம்மன்கள் என்று சொல்வோம். அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாப்பேட்டை, எங்கள் குகை என்று ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பூச்சாட்டுவார்கள், கம்பம் நடுவார்கள், பொங்கல் வைப்பார்கள். குகை மாரியம்மன் காளியம்மன் கோயிலில் பொங்கலுக்கு மறுநாள், வியாழக்கிழமை, வண்டி வேடிக்கை. ஆண்கள் சாமி வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் உட்கார்ந்து வலம் வருவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது டிராக்டர், லாரி. ஒவ்வொரு தெருக்காரர்களும் ஒரு புராணக் காட்சியைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் திட்டமிடுவார்கள்.

நான் பிறந்ததிலிருந்து அதை முன்வரிசையில் நின்று பார்த்தவள். சின்ன வயதில் அப்பா தோளில், பிறகு தோழிகளோடு. அந்த வருஷம் இவரோடு. கூட்டம் சேரச் சேர எனக்கு உற்சாகம். இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் கை ஈரமாக இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்துப்போயிருந்தது. "போயிடலாம்" என்றார். "இப்பதாங்க ஆரம்பிச்சிருக்கு" என்றேன். "போயிடலாம். தயவுசெஞ்சு."

வந்துவிட்டோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. என் ஊர்த் திருவிழா இவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தபோது தானாகவே சொன்னார். 1992 பிப்ரவரி, கும்பகோணம் மகாமகம். அவருக்குப் பன்னிரண்டு வயது. குளத்தருகே நெரிசலில் பலர் இறந்துபோன நாளில் அவரும் அந்தத் தெருக்களில் இருந்தார். பெரியப்பா கையிலிருந்து பிரிந்து, முன்பின் தெரியாத ஒருவர் அவரைத் தூக்கி ஒரு திண்ணையில் போட்டதால் தப்பித்திருக்கிறார். அன்றிலிருந்து, நான்கு பக்கமும் ஆள் நின்றால் மூச்சு முட்டும். கல்யாணத்துக்கு முன் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவள் நான்.

அடுத்த ஆடியில் நானே ஒரு வழி சொன்னேன். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போவோம். வண்டி கட்டுற எடத்துக்கே போயிடலாம். நாலு மணிக்கெல்லாம் திரும்பிடலாம்." சரி என்றார்.

அந்த மத்தியானம்தான் எனக்கு என் ஊர் தெரிந்தது. முப்பது வருஷம் அந்தத் தெருக்களில் வளர்ந்தும் வண்டி கிளம்பும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. பெண்பிள்ளைகளை அங்கே அனுப்ப மாட்டார்கள். கல்யாணமாகி, கூட மாப்பிள்ளையும் வந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சந்துக்குள் திண்ணை முழுக்கச் சாமிகள். பாதி சிவன், முழு விநாயகர், கழுத்து வரை மட்டும் நீலமாக ஒரு கிருஷ்ணன். ஒப்பனைக்காரர் ஒருவர் முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, விரலாலேயே நெற்றியிலிருந்து கீழே இழுத்துப் பூசிக்கொண்டிருந்தார். பூசும்போது பேசக் கூடாது, சிரித்தால் கோடு விழுந்துவிடும். எதிரே தம்பி முறுக்கு தின்றுகொண்டு வேண்டுமென்றே கண்ணடித்தாலும், பதினாறு வயதுப் பையன் ஒருவன் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டிருந்தான். விரதம் இருப்பவன், காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை என்று அவன் அம்மா பெருமையும் கவலையுமாகச் சொன்னார்கள்.

அவனுக்கு அம்மன் வேஷம். அரும்பிய மீசையை மழித்து, சவுரி வைத்து, அரக்குப் பட்டு கட்டி, கிரீடமும் புஜகீர்த்தியும் ஏற்றியாயிற்று. கடைசியாகக் கொலுசு. அவன் அக்காவின் கல்யாணக் கொலுசு, கெட்டிக் கொலுசு. ஆண்பிள்ளைக் கணுக்காலுக்கு இழுத்து மாட்டியதில் கொக்கி பிளந்துவிட்டது. அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. நூலைக் கட்டலாமா, ஊக்கைக் குத்தலாமா என்று நாலு பேர் நாலு யோசனை சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் அதுவரை சந்தின் வாயிலேயே நின்றிருந்தார், எப்போது வேண்டுமானாலும் வெளியே போக வசதியாக. கூட்டத்தைப் பார்த்தபடி இருந்தவர் கொலுசைப் பார்த்ததும் உள்ளே வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் குறடு இருக்கும். பையனின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிளந்த கொக்கியை மெல்ல அழுத்தி வளைத்து, பக்கத்துக் கண்ணியில் இரண்டைத் தளர்த்தி, கணுக்காலுக்கு ஒரு விரல் இடம் கிடைக்கிற மாதிரி சேர்த்தார். "பத்த வெச்சாத்தான் நிரந்தரம். இன்னிக்கு ராத்திரிக்குத் தாங்கும். நாளைக்குப் பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க" என்று அந்த அக்காவிடம் சொன்னார். அம்மன் முகத்தோடு இருந்த பையன், பேசக் கூடாது என்பதால், இரண்டு கையையும் கூப்பினான். அவரும் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த நேரத்தில் அவன் அவருக்குப் பையனாகத் தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்.

மறுவருஷத்திலிருந்து அந்தச் சந்தில் அவருக்கு ஒரு இடம் உண்டு. "கொலுசு மாப்ளே வந்துட்டாரா?" என்று கேட்பார்கள். கொலுசு மட்டுமா, கிரீடத்தில் கண்ணாடிச் சில்லு விழுந்தால், வேலின் தகடு நெளிந்தால், எல்லாம் அவரிடம்தான். நான் தையல்காரி. எனக்கும் ஊசி நூலோடு வேலை வந்துவிட்டது. கட்டிய பட்டு இடுப்பில் நழுவாமல் நாலு தையல், வண்டிப் படுதாவின் கிழிசல், விநாயகரின் துதிக்கைத் துணி.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் கொலுசுக்கும் ஆர்டர் இல்லை, ரவிக்கைக்கும் ஆர்டர் இல்லை. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்து பேச முடியாத எங்கள் இருவருக்கும் வருஷத்தில் ஓய்வு கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். வருமானம் குறையும், கடன்காரர் நினைவு வரும், உண்மைதான். ஆனாலும் ஆடிக்காக நான் பதினோரு மாதம் காத்திருக்கிறேன்.

அப்புறம் எல்லாத் திருவிழாவுக்குமே எங்கள் கணக்கு மாறிவிட்டது. முன்னால் போவோம், இல்லையென்றால் எல்லோரும் போன பிறகு போவோம். ஆடிப்பெருக்கன்று மேட்டூருக்குப் போவதில்லை. இரண்டு நாள் கழித்துப் போய், அணைக்கட்டு முனியப்பனைக் கும்பிட்டு, காவிரியில் நிதானமாகக் குளித்துவிட்டு வருவோம். போஸ் மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் மழை தூறுகிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போவோம். ராட்டினக்காரருக்கு ஆள் கிடைக்காத நேரம், கூடுதலாக நாலு சுற்று சுற்றி விடுவார். டெல்லி அப்பளத்தையும் கேட்ட பதத்தில் பொரித்துத் தருவார்கள். வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டால் அந்த நாள் நிறைந்தது.

ஏற்காடு கோடை விழாவை மட்டும் ரொம்ப நாள் தள்ளிப்போட்டோம். மே மாதம், பள்ளி விடுமுறை, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை. அவருக்கு அது ஒத்துவராது என்று நானே பேச்சை எடுக்கவில்லை. 2014இல் அவர்தான் கேட்டார். ஒரு நாள் முன்னதாகப் போய் தங்கிவிட்டு, விடியற்காலையில் பூங்காவைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம் என்று திட்டம். ஒரு விடுதியில் முன்பணம் கட்டி வைத்தோம். போய் நின்றால், அறை இல்லை என்றார்கள். விழா நேரம், அதிகம் கொடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். மே மாதமானாலும் ஏற்காட்டில் இராத்திரி பத்து மணிக்கு மேல் குளிர் இருக்கும். ஏரிப் பக்கம் ஒரு டீக்கடைக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கடை பெஞ்சில் படுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கம்பளியும் கொடுத்தார்கள். அவர்கள் மலையாளி இனத்தவர், சேர்வராயன் மலையின் பழங்குடிகள். (பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அவர்கள் பேசுவது தமிழ்தான்.)

விடியற்காலை அஞ்சு மணிக்கு அண்ணா பூங்கா வேலியோரம் போய் நின்றோம். உள்ளே தோட்டக்கலை ஆட்கள் வேலையில் இருந்தார்கள். மலர்க்காட்சியில் பூவாலேயே பெரிய உருவங்கள் செய்து வைப்பார்களே, அவற்றில் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ சொருகிக்கொண்டிருந்தார்கள். உருவத்துக்குள்ளே ஈரம் பிடிக்கிற பச்சைக் கட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கார்னேஷனின் காம்பையும் ஒரே சாய்வில் வெட்டி, ஒரே ஆழத்துக்குச் சொருகுகிறார்கள். ஒன்று கொஞ்சம் தூக்கி நின்றாலும் தூரத்திலிருந்து மேடு மாதிரி தெரியுமாம். ஒரு பெரியவர் விரலால் தடவித் தடவியே அதைச் சரிபார்த்தார், கண்ணால் பார்க்கவே இல்லை. நான் ரவிக்கையில் கொக்கி வரிசையைச் சரிபார்ப்பதும் அப்படித்தான். எங்களைப் பார்த்துவிட்டு, சாக்கில் தள்ளியிருந்த பூக்களில் இன்னும் நன்றாக இருந்த ஐந்தாறைப் பொறுக்கி வேலிக்கு மேலே நீட்டினார்.

ஏழு மணிக்குக் கூட்டம் ஏற ஆரம்பிக்கும்போது நாங்கள் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டோம். 5326 அடி உயரத்தில் பரந்த வெட்டவெளி. கோயில் என்பது ஒரு குகைதான். தலையைக் குனிந்து, ஒரு நேரத்தில் கொஞ்சம் பேர்தான் போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குறுகிய இடமாயிற்றே என்று நான் பயந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே வந்து அந்தப் புல்வெளியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். மே மாதத்தில் இங்கே நடக்கும் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஜனங்கள் வருவார்கள். அதற்கும் இப்போது இரண்டு தடவை போய்விட்டோம். அங்கே எவ்வளவு கூட்டம் சேர்ந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை, சுற்றிலும் வானம் தெரிகிறது இல்லையா.

இறங்கும்போது குப்பனூர் வழியாகத் திருப்பி விட்டார்கள். அந்த ஐந்தாறு பூவும் என் மடியிலேயே இருந்தன.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் 2016 மகாமகத்துக்குப் போகலாம் என்ற பேச்சே வந்தது. பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாள். கடைசி நாள் தீர்த்தவாரியை விட்டுவிட்டு நடுவில் ஒரு நாள், விடிவதற்கு முன் போய்க் குளித்தோம். அந்தத் திண்ணையைத் தேடினார். வீடு இடித்துக் கட்டப்பட்டிருந்தது. திண்ணை இல்லை. அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வா என்றார். அதற்கு மேல் அன்றைக்கு நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

மாநாடுகளுக்கும் கொஞ்சம் போயிருக்கிறோம், நெசவாளர் கூட்டம், வெள்ளித் தொழிலாளர் கூட்டம் என்று. மாநாடு என்றால் எங்கள் வீட்டில் தாத்தா கதைதான். 1944 ஆகஸ்ட் 27, நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய சேலம் மாநாட்டில், வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர். தீர்மானத்தைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் சொல்ல மாட்டார். எந்த ஊர்க்காரர் எத்தனை குவளை குடித்தார், எத்தனை நடை கிணற்றுக்குப் போனார் என்று மட்டும் எண்பது வயதிலும் சரியாகச் சொல்வார். இவருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். புத்தகத் திருவிழாவுக்கும் காலை பதினோரு மணிக்குத்தான் போவோம். அந்த நேரத்தில் கடைக்காரர்கள் நின்று பேசுவார்கள், சாயங்காலம் பில் போடவே நேரம் சரியாக இருக்கும்.

2020, 2021 இரண்டு ஆடியும் வேடிக்கை இல்லை. கொரோனா. வியாழக்கிழமை சாயங்காலம் அந்தச் சந்துப் பக்கம் நடந்து போனோம். திண்ணையில் ஒப்பனைக்காரர் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். "கை நமநமங்குது மாப்ளே" என்றார். அவருக்கு வருஷம் முழுக்கக் கூத்துதான் பிழைப்பு. அந்த இரண்டு வருஷமும் அதுவும் இல்லை. எங்களால் முடிந்ததைக் கொடுத்தோம். வாங்கிக்கொள்ளவே அவ்வளவு கூச்சப்பட்டார்.

2022இல் திரும்ப நடந்தது. அந்த மத்தியானம் சந்தில் நிற்க இடமில்லை. இரண்டு வருஷம் வேஷம் கட்டாத பையன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். முதல் வருஷம் அம்மனாக இருந்த பையனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. ஒப்பனைக்காரருக்குக் கை நடுங்குகிறது என்று முத்துவெள்ளையை அவன்தான் குழைத்துப் பூசினான். பூசப்பட்டது அவன் அக்கா மகன். அதே அம்மன் வேஷம், அதே கெட்டிக் கொலுசு. என் வீட்டுக்காரர் மடியில் காலை வைத்து மாட்டிவிட்டார். இந்த முறை கொக்கி புதுசு, அவர் கையால் பற்ற வைத்தது.

வண்டி கிளம்பியது. மேளம் சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. வழக்கமாக இத்தோடு நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். நான் ஊசி, நூல், கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த முனை வரைக்கும் போய்ப் பாக்கலாமா?" என்றார்.

"கூட்டம் இருக்குங்க."

"தெரியும். வா."

முனையில், ஒரு பூட்டிய கடையின் படியில் ஏறி நின்றோம். மூன்று பக்கமும் ஜனம். என் கையைப் பிடித்திருந்தார், கை வேர்த்துத்தான் இருந்தது. முதல் வண்டி போயிற்று, கைலாயக் காட்சி. இரண்டாவதும் போயிற்று. நான் வண்டியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக எங்கள் சந்து வண்டி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அம்மன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், பட்டுக்குக் கீழே வலது கால் மட்டும் தெரிந்தது. அவர் எட்டி, உற்றுப் பார்த்தார்.

"கொக்கி நிக்குது" என்றார்.